கை முந்திக்குது

இந்த இதழுக்கு ஃபைனல் இயர் ஆட்கள் எல்லாரும் பிளேஸ்மென்ட் அனுபவம்தான் எழுதறாங்க. எனக்கு எழுதற அளவுக்கு பிளேஸ்மென்ட் எதுவும் நடக்கல. அதனால துப்பாக்கி பத்தி எழுதறேன். பயப்பட வேண்டாம். நான் மெக்கானிக்கல், என்.சி.சி. கேடட், ஊர் திருவாலங்காடு. எல்.கே.ஜி.யிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது பப்ளிக்குக்கு அப்புறம் தமிழ்ல ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதறது இதான் முதல் தடவை. சந்திப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

போன வருஷம் அட்டாச்மென்ட் கேம்ப்புக்குப் போயிருந்தோம். அதுவரைக்கும் நான் சுட்டதெல்லாம் .22 ரைஃபிள். படுத்துக்கிட்டு, கட்டையைத் தோளில் அழுத்திக்கிட்டு, மூச்சைப் பாதியில நிறுத்தி சுடணும். எனக்கு அது நல்லா வரும். செகண்ட் இயர்ல அஞ்சு குண்டையும் ஒரு தீப்பெட்டி மூடற இடத்துக்குள்ள அடக்கியிருக்கேன். பட்டாலியன்ல என் டார்கெட் பேப்பரைக் கையில எடுத்துக் காட்டினாங்க. அந்தப் பெருமையோடதான் கேம்ப்புக்குப் போனேன்.

அங்கே 9 மி.மீ. பிஸ்டல் குடுத்தாங்க. ஆளுக்கு அஞ்சு குண்டு. காதுல வைக்க ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு. டார்கெட் பதினஞ்சு மீட்டர்கூட இருக்காது, மனுஷ சைஸ் அட்டை. எனக்கு முன்னாடி பதினோரு பேர். ஒவ்வொருத்தரும் சுடும்போது பின்னாடி வரிசையில உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சுக்கூட்டுல ‘டப்’னு ஒரு அடி விழுந்தது. பதினோரு பேர், அம்பத்தஞ்சு அடி. என் முறை வந்தப்போ உடம்பு தயாரா இருந்தது, ஆனா சுடறதுக்கு இல்ல.

அஞ்சு குண்டுல ரெண்டுதான் அட்டையில பட்டது. ரெண்டும் கீழே, இடது பக்க ஓரத்துல. மத்த மூணும் மண் மேட்டுக்குப் போச்சு. “கையில பலம் பத்தல”ன்னு ஒரு சீனியர் சொன்னான். “பொண்ணுங்களுக்கு மணிக்கட்டு தாங்காதுல்ல” என்று இன்னொருத்தன் ஆறுதலா சொன்னான். திட்டியிருந்தா மறந்திருப்பேன். ஆறுதலா சொன்னதுதான் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கிட்டே இருந்தது.

இதுல எனக்கு மானம் மட்டும் பிரச்சனை இல்ல. ‘சி’ சர்டிஃபிகேட் இருந்தா யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலே என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி வழியா நேரா எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்குப் போகலாம். அதுல தேறினா பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி. 1992லேர்ந்து அங்கே பெண்களையும் எடுக்கறாங்க. ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து எனக்கு இருக்கற ஒரே பிளான் அதுதான். வீட்டுல அம்மாவோட பிளான் சிறுசேரி. ஒரு பிஸ்டலைப் பார்த்துக் கண்ணை மூடற பொண்ணு எந்த மூஞ்சியோட பரங்கிமலைக்குப் போறது?

கேம்ப் முடிஞ்சு வந்ததும் நம்ம ஆளுங்க எல்லாரும் செய்யறதைச் செஞ்சேன். யூடியூப். பெரிய ரிவால்வர்களா தேடித் தேடிப் பார்த்தேன். அதுல ரெண்டுதான் ஹீரோ. ஒண்ணு .44 மேக்னம். 1955ல வந்தது, 1971ல ‘டர்ட்டி ஹாரி’ படத்துல கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில வந்து உலக ஃபேமஸ் ஆச்சு. இன்னொண்ணு 2003ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .500 மேக்னம். ரெண்டு கிலோ எடை. முதல் தடவை சுடறவங்க நெத்தியிலேயே துப்பாக்கி வந்து இடிக்கற வீடியோக்கள் நிறைய இருக்கு. எங்க தாத்தா என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துட்டு, “எல்லாரும் துப்பாக்கி எங்க போவுதுன்னே படம் எடுக்கறானுங்க. குண்டு எங்க போச்சுன்னு ஒருத்தனும் காட்டல பாரு” என்றார்.

தாத்தாவைப் பத்தி சொல்லணும். அப்பாவோட அப்பா. ஆயுதப்படை போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு எழுபத்தெட்டு. .410 மஸ்கட், .303 ரைஃபிள் எல்லாம் சுட்டவர், அதைவிட அதிகமா எண்ணெய் போட்டுத் துடைச்சவர். கேம்ப்புல நடந்ததை அவர்கிட்ட சொல்ல ஒரு வாரம் ஆச்சு. அதுக்குள்ள நானே ஒரு கணக்கு போட்டு வெச்சிருந்தேன், மணிக்கட்டு வாதம் சரியா தப்பான்னு பார்க்க.

கணக்கு ரொம்ப சிம்பிள், பதினோராவது பிசிக்ஸ். குண்டும் அதோட வெளிய வர்ற கேஸும் முன்னாடி எவ்வளவு உந்தத்தோட போகுதோ, அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமா கிடைக்கும். நம்ம கான்பூர் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி செய்யற .32 ரிவால்வரை எடுத்துக்கங்க. குண்டு ஆறேகால் கிராம் சுமார், வேகம் நொடிக்கு 220 மீட்டர் சொச்சம். ரிவால்வர் எடை சுமார் 700 கிராம். யாரும் பிடிக்காம அந்தரத்துல விட்டா, அது நொடிக்கு ரெண்டு மீட்டர் வேகத்துல பின்னாடி வரும். .44 மேக்னம்ல குண்டு பதினஞ்சரை கிராம், வேகம் 400க்கு மேல. துப்பாக்கி ஆறு மீட்டர் வேகத்துல வரும். .500ல இருபத்தாறு கிராம் குண்டு, வேகம் 500 சொச்சம். துப்பாக்கி ரெண்டு கிலோ இருந்தும் எட்டு மீட்டர் வேகம். ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால .32க்கும் .500க்கும் உதையில நாப்பது மடங்குக்கு மேல வித்தியாசம். நெத்தியில இடிக்கறதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா கணக்குல எனக்குப் பிடிச்ச இடம் வேற. பேங்க் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் தோள்ல மாட்டியிருக்காரே 12 போர் துப்பாக்கி, அதோட உந்தம் கிட்டத்தட்ட அந்த .500 மேக்னம் அளவுக்கு வருது. அவர் நெத்தி உடையறதில்ல. ஏன்னா அது மூணு கிலோ, கூடவே அதைத் தாங்கறதுக்குத் தோளும் முழு உடம்பும் இருக்கு. ரிவால்வருக்கு இருக்கறது ரெண்டு உள்ளங்கை மட்டும். அதுவும் குழல் கைக்கு மேல இருக்கறதால, உதை நேரா பின்னாடி வராம மூக்கை மேல தூக்கித் திருப்புது.

இன்னொண்ணும் தோணிச்சு. 2014ல கான்பூர்லேர்ந்து ‘நிர்பீக்’னு பெண்களுக்காகவே ஒரு .32 ரிவால்வர் வந்தது. டைட்டானியம் அலாய், 500 கிராம்தான், ஹேண்ட்பேக்ல வைக்கலாம்னு விளம்பரம். விலை லட்சத்தைத் தாண்டி. அதே தோட்டா, ஆனா 700 கிராமுக்குப் பதிலா 500 கிராம் துப்பாக்கி. உதை ஆற்றல் நாப்பது சதவீதம் ஏறும். பெண்களுக்கு மணிக்கட்டு தாங்காதுன்னு சொல்ற அதே உலகம், பெண்களுக்குன்னு செஞ்ச துப்பாக்கியை அதிகமா உதைக்கற மாதிரி செஞ்சிருக்கு. இதை அந்த ஆறுதல் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் மட்டும் வந்தது.

சரி, தாத்தா. மணிக்கட்டு, உந்தம், வர்க்கம் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“குண்டு எங்க பட்டுச்சு?”

“கீழ தாத்தா. இடது பக்கம்.”

“உதை துப்பாக்கிய எந்தப் பக்கம் தூக்கும்?”

“மேல.”

“மேல தூக்கற உதையால குண்டு எப்படி கீழ போவும்? உதைக்கறதுக்கு முன்னாடியே உன் கை முந்திக்குது. அது வரப்போவுதுன்னு நீயே அதை அமுக்கற.”

இத்தனை நாள் நான் போட்ட கணக்குல இது இல்லவே இல்ல. ராத்திரி மறுபடி உட்கார்ந்து போட்டேன். 9 மி.மீ. குண்டு ஏழரை கிராம், பிஸ்டல் சுமார் 900 கிராம், குழல் பன்னிரண்டு செ.மீ. குண்டு குழலைத் தாண்டறதுக்குள்ள பிஸ்டல் பின்னாடி நகர்றது ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆகற நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மி. .500 மேக்னமுக்கே போட்டாலும் மூணு மில்லிமீட்டர் சொச்சம்தான். சத்தம் கேட்டுக் கண் சிமிட்டவே நம்ம உடம்புக்கு முப்பது, நாப்பது மில்லிசெகண்ட் ஆகும். அதாவது நாம உணர்ற அந்தப் பெரிய உதை, நெத்தியில இடிக்கறது, கை மேல பறக்கறது எல்லாமே குண்டு போய்ச் சேர்ந்த பிறகு நடக்கற கூத்து. குழலுக்குள்ள இருக்கும்போதே மூக்கு கொஞ்சம் எழும்பும், உண்மைதான். ஆனா அதுக்கும் சேர்த்துத்தான் பெரிய ரிவால்வர்கள்ல முன் சைட்டை உயரமா வெச்சிருக்காங்க. துப்பாக்கி தன் தப்பைத் தானே திருத்திக்குது. என் கை முந்தறதை அதால திருத்த முடியாது.

உதையைத் தாங்கப் பலம் வேணும்னு நினைச்சுத்தான் கேம்ப்புலேர்ந்து வந்ததும் ஹாஸ்டல்ல ரெண்டு கிலோ டம்பெல் வாங்கினேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் தண்டம்.

தாத்தா ஒரு தடவை .455 வெப்லி ரிவால்வர் சுட்டிருக்கார். வெள்ளைக்காரன் காலத்து ஆயுதம், எஸ்.ஐ. ஒருத்தரோடது. கட்டை விரல் நுழையற மாதிரி குழல்னு சொல்லுவார் (நுழையாது, பதினொன்றரை மில்லிமீட்டர்தான்). பதினேழு கிராம் குண்டு, ஆனா வேகம் 200 மீட்டருக்கும் கம்மி. “அது அடிக்காது, தள்ளும். பின்னாடியிலேர்ந்து பஸ்ல இடிக்கற மாதிரி” என்றார். நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான். அந்தரத்துல விட்டா மூணு மீட்டர் வேகம்தான் வருது. குழல் பெருசு, உதை சிறுசு. ஆனா அன்னைக்கு தாத்தாவோட முதல் ரெண்டு குண்டும் தரையில போச்சாம். அவருக்குக் கத்துக் குடுத்தவர், ஆறு ஓட்டையில மூணை மட்டும் நிரப்பி, மூணைக் காலியா விட்டு, உருளையைச் சுத்தி மூடிக் குடுத்திருக்கார். எதுல குண்டு இருக்குன்னு சுடறவருக்குத் தெரியாது. காலி ஓட்டை வரும்போது வெறும் ‘க்ளிக்’. உதை இல்ல, சத்தம் இல்ல. ஆனா துப்பாக்கி மூக்கு மட்டும் குனிஞ்சு தரையைப் பார்க்கும். “அப்பதான் என் கைய நானே பாத்தேன்”னார். நல்ல சுடற தளங்கள்ல இன்னைக்கும் இந்த வித்தைதான் நடக்குது.

வீட்டுல துப்பாக்கி கிடையாது. அதனால தாத்தா சொம்பு எடுத்தார். விளிம்பு வரைக்கும் தண்ணி. நான் ரெண்டு கையாலயும் அதை நீட்டிப் பிடிச்சு நிக்கணும், முழங்கை லேசா மடங்கி, உடம்பு கொஞ்சம் முன்னாடி சாஞ்சு. பின்னாடி நாற்காலியில தாத்தா, கையில எவர்சில்வர் தட்டும் கரண்டியும். எப்ப அடிப்பார்னு தெரியாது. சில சமயம் பத்து நொடியில, சில சமயம் நாலு நிமிஷம் கழிச்சு. தண்ணி சிந்தினா ஃபெயில். முதல் நாள் சுடிதார் முழுக்க நனைஞ்சது. அம்மா சமையல்கட்டுலேர்ந்து, “இந்தப் பொண்ணுக்கு இன்டர்வியூவுக்குப் படிக்கற வேலை ஒண்ணும் இல்லையா?” என்று தட்டு சத்தத்துக்கு மேல கத்தினாங்க.

எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும், எங்க நடராஜர் ஊர்த்துவ தாண்டவக்காரர். ஒரு காலைத் தலைக்கு மேல தூக்கி, மத்த காலில் அசையாம நிக்கிறவர். தாத்தா என்னை நிக்க வெச்சுட்டு அவரைத்தான் காட்டுவார். “அவரு ஒத்தக் கால்ல நிக்கறாரு. உனக்கு ரெண்டு கால் இருக்கு.” சின்ன வயசுல திருவிழா வேட்டுச் சத்தத்துக்கு நான் அப்பாவோட லுங்கிக்குள்ள புகுந்து ஒளிஞ்சுப்பேன். அப்பா மட்டும் அசைய மாட்டார். வேட்டு காதுப் பக்கத்துல வெடிச்சாக்கூடக் கண் சிமிட்டாது. எனக்கு ரொம்ப நாள் அதுதான் தைரியம்.

தட்டுக்கு அடுத்த கட்டமா தாத்தா கடையிலேர்ந்து ஓலை வெடி வாங்கிட்டு வந்தப்போ அம்மா ஒரேயடியா நிறுத்திட்டாங்க.

அப்புறம் இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் காசைப் போட்டு, சென்னையில ஒரு ரைஃபிள் கிளப்ல பயிற்சிக்குச் சேர்ந்தேன். எந்த கிளப்புன்னு சொல்லல, ஏன்னா சொன்னா நீங்க கேக்கப்போற முதல் கேள்வி “தல வருவாரா?” என்பதுதான். வரல. 2022 ஜூலையில திருச்சியில நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தப்போ கிளப் வாசல்ல நின்ன கூட்டம் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு அவர் வாங்கின மெடல்கள் சென்டர் ஃபயர் பிஸ்டல் மாதிரி போட்டிகள்ல வந்தவை. அந்தப் போட்டியில 7.62லேர்ந்து 9.65 மி.மீ. வரைக்கும்தான் அனுமதி. மேக்னம் தோட்டா கூடாது. நம்ம நாட்டுல 9 மி.மீ. சாதாரண ஜனங்களுக்குத் தடை செஞ்ச ரகம், அதனால பெரும்பாலும் .32தான். கோச் இன்னொரு பேரைத்தான் அடிக்கடி சொல்லுவார். ஜஸ்பால் ராணா. 2006 தோஹா ஆசியப் போட்டியில சென்டர் ஃபயர்ல 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் பண்ணினவர். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கின மனு பாக்கருக்கு கோச். அறுபது தடவை வெடிக்கும், அறுபது தடவையும் கை முந்தக் கூடாது.

கோச் என்கிட்ட முதல்ல குடுத்தது துப்பாக்கி இல்ல, காதுக்கு. ரப்பர் பிளக் உள்ள, அதுக்கு மேல மஃப். “கேம்ப்புல என்ன போட்டே?” “பஞ்சு சார்.” அவர் ஒண்ணும் சொல்லல, தலையை மட்டும் ஆட்டினார். கைத்துப்பாக்கி சத்தம் 150, 160 டெசிபல் வரைக்கும் போகும். 140ஐத் தாண்டினா ஒரே ஒரு வெடியே காதைக் கெடுக்கலாம். பஞ்சு அதுக்கு எந்த மூலைக்கு? “உன் உடம்பு முட்டாள் இல்ல. அது அடி விழுதுன்னு சொல்லுது, உண்மையிலேயே அடி விழுது. முதல்ல அடியை நிறுத்து. அப்புறம் உடம்புகிட்ட பேசு” என்றார். மஃப் போட்டுக்கிட்டு பக்கத்து லேன்ல ஒருத்தர் சுட்டதைக் கேட்டேன். தூரத்துல யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. நான் உதைன்னு நினைச்சுப் பயந்ததுல முக்கால்வாசி சத்தம்னு அந்த நிமிஷம்தான் தெரிஞ்சது.

அப்புறம் பிடி. கை எவ்வளவு மேல ஏத்திப் பிடிக்கறோமோ, அவ்வளவுக்குக் குழலுக்கும் கைக்கும் நடுவுல தூரம் கம்மி, மூக்கு தூக்கறதும் கம்மி. இடது கை சுத்திப் பிடிக்கணும், ஆனா ரிவால்வர்ல எந்த விரலும் உருளைக்கு முன்னாடி நீளக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா கேஸ் பக்கவாட்டுல பீறிட்டு வரும். .32ல சுடும், .500 மேக்னம்ல விரலையே கிழிச்சிடும். முழங்கையைப் பூட்டக் கூடாது. உதைச்சா மேல போகட்டும், திரும்பி வரட்டும். தடுக்க நினைச்சா முன்கூட்டியே அமுக்கத் தோணும். பெரிய மேக்னம்களுக்கு முதல் தடவை ஒரே ஒரு தோட்டாதான் போடுவாங்களாம். ஏன்னா உதைக்கும்போது நழுவற துப்பாக்கியைக் கை தன்னையறியாம இறுக்கும். அந்த இறுக்கத்துல டிரிக்கர் மறுபடி அழுந்தி ரெண்டாவது குண்டு எங்கேயோ வானத்துக்குப் போயிடும். .44 மேக்னம் வெச்சிருக்கறவங்க மாசக்கணக்கா அதே துப்பாக்கியில .44 ஸ்பெஷல்னு சாதுவான தோட்டா போட்டுப் பழகுவாங்க. ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். வலிச்சா அன்னைக்கு மூட்டை கட்டிடணும். வலியோட சுட்ட ஒவ்வொரு குண்டும் கைக்கு முந்தறதைத்தான் சொல்லித் தருது.

இதையெல்லாம் சொல்லிட்டு கோச் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரிவால்வரை நிரப்பினார். தாத்தா சொன்ன அதே வித்தை. ஒரு தோட்டா விலைக்கு எங்க கேன்டீன்ல ஒரு மதியச் சாப்பாடே சாப்பிடலாம், அதனால காலி ஓட்டை எனக்கும் லாபம்.

முதல் இழுப்பு, வெடிச்சது. ரெண்டாவது, க்ளிக். மூக்கு ரெண்டு இஞ்ச் குனிஞ்சது. என் கை குனியறதை நானே பார்த்தேன். அவமானமா இருக்கும்னு நினைச்சிருந்தேன், சிரிப்புதான் வந்தது. ஒண்ணுமே நடக்காத இடத்துல என் உடம்பு மட்டும் தனியா சண்டை போடுது. மூணாவது, வெடிச்சது. நாலாவது, க்ளிக், கொஞ்சம் குனிஞ்சது. அன்னைக்கு மொத்தம் பன்னிரண்டு வெடி, இருபது க்ளிக். ஆறு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை க்ளிக் விழுந்தப்போ முன் சைட் இருந்த இடத்துலயே இருந்தது. எப்ப விழுந்துச்சுன்னே தெரியாத மாதிரி. கோச் “ம்” என்றார். .44 மேக்னம் நான் சுட்டதில்ல, இந்த நாட்டுல சுடுவேன்னும் தோணல. நான் பழகினது அதுக்கெல்லாம் பேரன் மாதிரி இருக்கற ஒரு .32தான். ஆனா முந்தற கைக்கு .32ம் ஒண்ணு, .500ம் ஒண்ணு.

இத்தோட கட்டுரை முடிஞ்சிருக்கணும். நடுவுல அப்பா வந்துட்டார்.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில பவர் பிரஸ் ஆபரேட்டர். பத்தொம்பது வருஷம். வாரம் முழுக்க அங்கேயே ரூம். சனிக்கிழமை சாயந்திரம் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல மூர் மார்க்கெட் வந்து, அரக்கோணம் லோக்கல் மாறி, எட்டரை மணிக்கு மேல திருவாலங்காட்டுல இறங்குவார். போன செமஸ்டர் லீவுல இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு அவர் ஷாப்புக்கே போனேன். நூத்தம்பது டன் பிரஸ், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் தரை அதிரும். முதல் நாள் ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தோள் குதிச்சது. அப்பா ரெண்டு கை பட்டனையும் அழுத்திக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். கண் சிமிட்டல. போன்ல டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தேன், 102. ஆப்பை ரொம்ப நம்ப முடியாது, ஆனா ரூல் என்னன்னு படிச்சிருக்கோம். 90 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். அஞ்சு அஞ்சா ஏற ஏற நேரம் பாதி பாதியாக் குறையும். 100க்கு ரெண்டே மணி நேரம். அப்பாவுக்கு எட்டு மணி நேரம், வாரத்துல மூணு நாள் ஓ.டி. பிளக் குடுக்கறாங்க, இல்லைன்னு சொல்லல. போட்டா டை சத்தம் மாறறது தெரியாது, தெரியலேன்னா பீஸ் ரிஜெக்ட் ஆகும், அதனால அந்த லைன்ல யாரும் போடறதில்ல.

அன்னைக்கும் எனக்கு எதுவும் உறைக்கல. உறைச்சது ரெண்டு மாசம் கழிச்சு. ஆர்மி மெடிக்கல்ல காது டெஸ்ட் உண்டு. டாக்டர் பக்கம் முதுகைக் காட்டி நிக்கணும், 610 செ.மீ. தள்ளி நின்னு அவர் கிசுகிசுப்பார், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியா. நான் அதை வீட்டுத் திண்ணையில டேப் வெச்சு அளந்து பிராக்டிஸ் பண்ணினேன். தாத்தாதான் டாக்டர். “நாப்பத்தி மூணு”, “வெண்டைக்காய்”, “அரக்கோணம்”. எனக்கு எல்லாமே கேட்டது. தாத்தாவை நிக்க வெச்சு நான் கிசுகிசுத்தேன், எழுபத்தெட்டு வயசுல பாதி பிடிச்சார். சனிக்கிழமை ராத்திரி, அப்பாவும் அப்பதான் வந்திருந்தார். “நானும் நிக்கறேன்” என்று சட்டையைக் கழட்டி மாட்டிட்டு வந்து, சுவரைப் பார்த்து அட்டென்ஷன்ல நின்னார். விளையாட்டுக்கு.

தாத்தா, “நாப்பத்தி மூணு” என்றார்.

அப்பா நின்னுக்கிட்டே இருந்தார்.

தாத்தா ரெண்டடி முன்னாடி வந்தார். “அரக்கோணம்.” இன்னும் ரெண்டடி. “அரக்கோணம்.” அம்மா கையில தோசைக் கரண்டியோட வாசப்படியில நின்னுட்டாங்க.

“ஆரம்பிங்கப்பா, பசிக்குது” என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் பையில, லுங்கிக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவுல, என் மஃப்பைத் துணி சுத்தி வெச்சேன். கிளப்புல எனக்கு வேற இருக்கும், இல்லேன்னா வாங்கிக்கலாம். திங்கட்கிழமை பிரேக்ல அப்பா போன் பண்ணினார். பின்னாடி பிரஸ் ஓடிக்கிட்டிருந்தது.

“பாப்பா, உன் ஹெட்போன் என் பையில வந்துடுச்சு.”

அது உனக்குத்தான்பா என்றேன். மூணு தடவை சொல்ல வேண்டியிருந்தது.